ஞானஸ்நானத் தொட்டிக்கு முன்னும் பின்னும்

பாஸ்காத் திருவிழிப்பு இரவு நம் வழிபாட்டு ஆண்டின் இரவுகளுக்கெல்லாம் அரசி. புதுத் தீயில் ஏற்றிய பாஸ்காத் திரி இருண்ட கோயிலுக்குள் நுழைகிறது. படைப்பின் வரலாறும் செங்கடலைக் கடந்த வரலாறும் வாசிக்கப்படுகின்றன. புனிதர்களின் மன்றாட்டு மாலை பாடப்படுகிறது; தண்ணீர் மந்திரிக்கப்படுகிறது. இவை யாவும் எதற்காக? அவ்விரவில் ஞானஸ்நானம் பெற்றுத் திருச்சபையின் மடியில் புதிதாய்ப் பிறக்கும் மக்களுக்காக. ஆயினும் நம் பங்குகள் பலவற்றில் அவ்விரவு தண்ணீர் மந்திரிக்கப்படுகிறதேயன்றி, அதனால் மறுபிறப்பு அடைவார் ஒருவரும் இல்லை. நாம் நம்முடைய வாக்குறுதிகளைப் புதுப்பித்து, தெளிக்கப்படும் தீர்த்தத்தில் நனைந்து, வீடு திரும்பிவிடுகிறோம்.

அதே பங்கில், ஏதோ ஒரு வாரநாள் பிற்பகலில், ஓர் இளைஞர் ஞானஸ்நானம் பெறுகிறார். அடுத்த வாரம் அவருக்குத் திருமணம். கோயிலில் நிற்போர் குருவானவரும், உபதேசியாரும், சாட்சிக்கு வந்த இருவருமே. பங்கு மக்களுக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. அதே பங்கில் மே மாதத்து ஞாயிறு ஒன்றில் முப்பது நாற்பது சிறுவர் சிறுமியர் வெள்ளுடை உடுத்தி, மெழுகுதிரி ஏந்திப் புதுநன்மை பெறுகின்றனர். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், மறைக்கல்வி வகுப்பில் பாதி இடம் வெறுமையாய்க் கிடக்கிறது.

இவை இரண்டும் வேறு வேறு குறைகள் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அவை ஒரே குறையின் இரு முகங்கள். நம் வீடுகளில் பேசும் பேச்சைக் கவனியுங்கள்: ‘ஞானஸ்நானம் வாங்கிவிட்டார்’, ‘பிள்ளை நன்மை வாங்கிவிட்டான்’ என்கிறோம். வாங்கிய பொருள் கைக்கு வந்தபின் கடையில் நமக்கு என்ன வேலை? ஞானஸ்நானமும், உறுதிபூசுதலும், நற்கருணையும் வாங்கிச் செல்லும் பொருள்கள் அல்ல. அவை மூன்றும் சேர்ந்து ஒரு மனிதனை ஒரு வீட்டுக்குள் அழைத்துச் செல்லும் வாயில்கள். வாயிலைக் கடந்து வருபவருக்கு உள்ளே வரவேற்பாரும், இருக்கை காட்டுவாரும், உடன் உண்பாரும் வேண்டும். அவ்வேலை குருவானவர் ஒருவரால் ஆகக்கூடியதன்று. பங்கு முழுவதற்கும் உரியது. இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆதித் திருச்சபை நடந்த வழி

இப்போலித்து என்பவர் பெயரால் வழங்கிவரும் ‘அப்போஸ்தலிக்கப் பாரம்பரியம்’ என்னும் பழம்பெரும் நூல், முதல் நூற்றாண்டுகளின் திருச்சபை புதியவர்களை எவ்வாறு ஏற்றுக்கொண்டது என்பதைக் காட்டுகிறது. இறைவார்த்தையைக் கேட்க வருபவரை அழைத்து வந்தவர்களே அவருக்காகச் சாட்சி சொல்ல வேண்டும். அதன்பின் மூன்று ஆண்டுகள் அவர் போதனை கேட்பார். எனினும் ஆர்வமுள்ளவரைக் காலக்கணக்கால் அன்றி நடத்தையால் மதிப்பிட வேண்டும் என்றும் அந்நூல் கூறுகிறது. ஞானஸ்நானத்துக்குத் தெரிந்தெடுக்கப்படும் நாளில் அவரிடம் கேட்கப்படுவது என்ன? எத்தனை செபங்கள் மனப்பாடம் என்பதன்று. விதவைகளை மதித்தாரா, நோயாளிகளைச் சந்தித்தாரா, நற்செயல்கள் புரிந்தாரா என்பதே. இதற்கும் விடை கூறுபவர் அவரை அழைத்து வந்தவரே.

புனித அகுஸ்தினார் இவ்வழியில் வந்தவர். கி.பி. 387-ஆம் ஆண்டு பாஸ்கா இரவில், மிலான் நகரில், ஆயர் அம்புரோசியாரின் கரத்தால் அவர் ஞானஸ்நானம் பெற்றார். அவரோடு அவர் மகன் அதேயோதாத்துசும் நண்பர் அலிப்பியுசும் அதே இரவில் ஞானஸ்நானம் பெற்றனர். தகப்பனும் வளரிளம் மகனும் ஒரே இரவில்! பெரியவர்களுக்கு ஒரு வழி, பிள்ளைகளுக்கு வேறு வழி என்று அன்றைய திருச்சபை எண்ணவில்லை என்பதற்கு இதைவிட அழகிய அடையாளம் வேண்டுமா?

பின்னர், குழந்தை ஞானஸ்நானமே எங்கும் வழக்கமாகிவிடவே, இந்த நீண்ட ஆயத்தம் மெல்ல மெல்ல மறைந்தது. நாற்றங்கால் இல்லாமலேயே நடவு நடந்தது எனலாம். குடும்பமே நாற்றங்காலாய் இருந்தவரை அதனால் பெருங்கேடு விளையவில்லை. குடும்பத்தில் செபமாலையும், பெரியவர்களின் முன்மாதிரியும் குன்றிய இடங்களில் பயிர் வாடத் தொடங்கிற்று.

நம் கடற்கரையும் வடக்கன்குளமும்

தமிழ் மண்ணின் வரலாறே இதற்குச் சிறந்த பாடம். 1535-க்கும் 1537-க்கும் இடையில் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பரதவ மக்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றனர். அம்மக்களை நெருக்கிய துன்பம் பெரிது. போர்த்துக்கீசியரின் பாதுகாப்பு அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஆனால் போதிக்க அவர்களிடையே குருக்கள் தங்கவில்லை. 1542-இல் புனித சவேரியார் அங்கு வந்தபோது, ‘நீங்கள் விசுவசிப்பது என்ன?’ என்று கேட்டார். தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்குமேல் அவர்களால் ஒன்றும் சொல்ல இயலவில்லை என்று அவரே கடிதத்தில் எழுதியுள்ளார்.

சவேரியார் அம்மக்களைக் குறை கூறி நின்றுவிடவில்லை. தமிழும் போர்த்துக்கீசியமும் அறிந்தவர்களைத் துணைகொண்டு, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த செபம், கற்பனைகள் ஆகியவற்றைத் தமிழில் ஆக்கிக்கொண்டார். கையில் மணியுடன் தெருத்தெருவாய்ச் சென்று, சிறுவரையும் பெரியவரையும் கூட்டி நாளுக்கு இருமுறை கற்பித்தார். கற்றுக்கொண்ட சிறுவர்கள் தங்கள் தாய்தந்தையருக்கும், வீட்டாருக்கும், அயலாருக்கும் கற்பிக்க வேண்டும் என்று பணித்தார். நோயாளிகளின் வீடுகளுக்குச் செபம் சொல்ல அச்சிறுவர்களையே அனுப்பினார். பிள்ளையும் குடும்பமும், போதனையும் இரக்கச் செயலும் அங்கே ஒன்றாயின. அம்மரபின் தொடர்ச்சியாகவே, 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள், கொல்லத்தில், அண்டிரிக் அடிகளார் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் 16 பக்க நூலை அச்சேற்றினார். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் முதன்முதலாய் அச்சான அந்நூல் ஒரு ஞானோபதேசம் என்பது நமக்குப் பெருமை. அதைவிட அது நமக்கு ஒரு பொறுப்பு.

இனி வடக்கன்குளத்துக்கு வருவோம். 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன் திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். குடும்பத்தில் நேர்ந்த இழப்புகளால் மனம் சோர்ந்திருந்த அவருக்கு, படைத்தலைவர் தெ லான்னாய் யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார். அதுவே வித்து. முதலில் குருவானவர் அல்லர், வேலைத்தலத்துப் பொதுநிலையினர் ஒருவரே அவருக்கு உபதேசியார் ஆனார் என்பதைக் கவனியுங்கள்! பின்னர் 1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள், வடக்கன்குளத்தில், இயேசு சபைக் குரு புத்தாரி அவருக்குத் தேவசகாயம் என்னும் பெயருடன் ஞானஸ்நானம் அளித்தார். அவருடைய மனைவியும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார். ஏழாண்டுகள் கூட நிறைவுறவில்லை. 1752-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் காற்றாடிமலையில் தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். ஞானஸ்நானத் தொட்டியில் சொன்ன ‘விசுவசிக்கிறேன்’ என்னும் ஒரு சொல்லைக் காற்றாடிமலைப் பாறை வரை சுமந்து செல்ல ஒருவருக்கு வேர் எவ்வளவு ஆழமாய் இருந்திருக்க வேண்டும்!

திருச்சபை மீண்டும் திறந்த வாயில்

1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், வயதுவந்தோருக்கான படிப்படியான ஆயத்த நிலையை மீண்டும் நிறுவுமாறு கட்டளையிட்டது. அதன்படி, திருத்தந்தை ஆறாம் சின்னப்பரின் காலத்தில், 1972-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள், வயதுவந்தோரின் கிறிஸ்தவப் புகுமுகச் சடங்குமுறை வெளியிடப்பட்டது. அதில் காலங்கள் நான்கு. அவற்றை இணைக்கும் படிகள் மூன்று.

முதற்காலம், தேடுவோரின் காலம். கேள்வி கேட்பதற்கும், நற்செய்தியை முதன்முதலாய்க் கேட்பதற்கும் உரியது. இதில் எவரும் எதற்கும் கட்டுப்பட்டவர் அல்லர். இக்காலத்தின் இறுதியில், மனம் இசைந்தவர் கோயில் வாயிலில் நின்று தம் விருப்பத்தைச் சபைமுன் கூறுகிறார். அவர் நெற்றியில் சிலுவை வரையப்படுகிறது. இது முதற்படி. அன்று முதல் அவர் புகுமுக நிலையினர். திருச்சபையின் வீட்டாரில் ஒருவராகவே எண்ணப்படுகிறார். ஞானஸ்நானத்துக்கு முன்னரே அவர் இறக்க நேரிட்டால், கிறிஸ்தவ அடக்கச் சடங்கு அவருக்கு உரியது என்று திருச்சபைச் சட்டம் கூறுகிறது. எவ்வளவு தாய்மை நிறைந்த சட்டம்!

இரண்டாம் காலம் நீண்ட போதனைக் காலம். அதன் முடிவில், தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, ஆயரோ அவர் பெயரால் மற்றவரோ அவர்களைத் தெரிந்துகொள்ளும் சடங்கு இரண்டாம் படி. மூன்றாம் காலம் தவக்காலம். அதன் மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஞாயிறுகளில் சமாரியப் பெண், பிறவிக் குருடன், இலாசர் ஆகியோரைப் பற்றிய நற்செய்திகள் வாசிக்கப்பட்டு, அவர்களுக்காகச் சிறப்பு மன்றாட்டுகள் சொல்லப்படுகின்றன. தாகத்துக்குத் தண்ணீர், குருட்டுக்கு ஒளி, சாவுக்கு உயிர் என்று மூன்று வாரங்களில் ஞானஸ்நானத்தின் பொருள் முழுவதும் அவர்கள் முன் விரிக்கப்படுகிறது. விசுவாசப் பிரமாணமும் கர்த்தர் கற்பித்த செபமும் சபையின் சொத்தாக அவர்களிடம் ஒப்படைக்கப்படுகின்றன. பாஸ்கா இரவில் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், நற்கருணை மூன்றையும் அவர்கள் ஒருங்கே பெறுவது மூன்றாம் படி. நான்காம் காலத்தைப் பின்னர் பார்ப்போம். நாம் பெரும்பாலும் மறந்துவிடுவது அதுவே.

இன்னொன்றும் கூற வேண்டும். ஏழு வயது நிறைந்து, பகுத்தறியும் நிலை அடைந்த பிள்ளைகள் ஞானஸ்நானத்தைப் பொறுத்தவரை வயதுவந்தோருக்குரிய ஒழுங்கின்கீழ் வருகின்றனர். ஆகவே பெற்றோர் திருமறையில் சேரும்போது பத்து வயதுப் பிள்ளையையும் கையைப் பிடித்து இழுத்து வந்து தலையில் தண்ணீர் ஊற்றிவிட முடியாது. அப்பிள்ளையின் வயதுக்கேற்ற போதனையும், அப்பிள்ளையின் சம்மதமும் வேண்டும். அவர்களுக்கென்றே அச்சடங்குமுறையில் தனிப்பகுதி உண்டு.

‘பெண் வீட்டார் சொன்னார்கள்’

நம்மிடம் வருவோரில் பலர் திருமணத்தை முன்னிட்டு வருகின்றனர். அவ்வாறு வந்த ஓர் இளைஞருக்கும் நமக்கும் நடந்த உரையாடல் இது.

“சாமி, ஆவணியில கல்யாணம். அதுக்குள்ள ஞானஸ்நானம் வாங்கிட்டு வரச் சொல்லிப் பொண்ணு வீட்டுல சொன்னாங்க.”

“அவங்க சொன்னது சரி தம்பி. நீங்க என்ன சொல்றீங்க?”

இளைஞர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “எனக்கு ஒண்ணும் தெரியாது சாமி. ஆனா ஞாயித்துக்கிழமை கோயில்ல வந்து உட்கார்ந்தா மனசுக்கு நல்லா இருக்கு” என்றார்.

இது நல்ல தொடக்கம். ஆனால் தொடக்கம் மட்டுமே. ஞானஸ்நானம் பெறாதவரைக் கத்தோலிக்கர் மணப்பதற்குத் தடை உண்டு. அத்தடையிலிருந்து ஆயரிடம் விலக்குப் பெறவும் வழி உண்டு. கத்தோலிக்கத் தரப்பினர் தம் விசுவாசத்தைக் காத்துக்கொள்வதாகவும், பிறக்கும் பிள்ளைகளைத் திருச்சபையில் வளர்க்கத் தம்மால் இயன்றதைச் செய்வதாகவும் வாக்களிக்க வேண்டும். மற்றவருக்கு அவ்வாக்கு தெரிவிக்கப்பட வேண்டும். பெண் வீட்டாரை அமர வைத்து இதை விளக்கினோம். பெண்ணின் தகப்பனார், “ஊரார் என்ன சொல்வாங்க சாமி?” என்றார். “மருமகன் விசுவசிக்காததை விசுவசிக்கிறேன்னு பீடத்துக்கு முன்னால சொன்னா, ஆண்டவர் என்ன சொல்வார்?” என்று கேட்டோம். ஆயரின் விலக்கோடு ஆவணியில் திருமணம் நடந்தது. மருமகனோ ஞாயிறுதோறும் வருவதை நிறுத்தவில்லை. இரண்டாம் ஆண்டுப் பாஸ்கா இரவில், எவரும் வற்புறுத்தாமல், தாமே கேட்டு ஞானஸ்நானம் பெற்றார். அவ்விரவு கோயில் நிறைந்திருந்தது; எல்லாருக்கும் அவர் பெயர் தெரிந்திருந்தது.

ஆகவே, பிள்ளைகளுக்கு வரன் தேடும் பெற்றோரே, ஞானஸ்நானத்தைத் திருமணச் சீட்டாக்காதீர்கள். முகூர்த்தத் தேதி விசுவாசத்தின் தேதியை நிர்ணயிக்க முடியாது.

மறைக்கக் கூடாத உண்மைகள்

வருபவரிடம் தொடக்கத்திலேயே சொல்லியாக வேண்டிய செய்திகள் சில உண்டு. பட்டியல் இனத்தைச் சேர்ந்த ஒருவர் கிறிஸ்தவராகும்போது, 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி அப்பட்டியலுக்குரிய சட்டப்படியான தகுதியை இழக்கிறார். அவ்வாணை 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் விரிவாக்கப்பட்டது. கிறிஸ்தவர் இன்றும் வெளியில் நிற்கின்றனர். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகின்றனர். பிள்ளைகளின் கல்வியையும் வேலையையும் தொடும் இச்செய்தியை மறைத்து ஒருவருக்கு ஞானஸ்நானம் அளிப்பது நேர்மையாகாது. இவ்வநீதிக்கு எதிராக நாம் குரல் கொடுப்பது ஒன்று. வருபவர் கண்திறந்து வருமாறு பார்த்துக்கொள்வது மற்றொன்று. இரண்டும் நம் கடமைகளே.

தமிழ்நாட்டில் 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. 2004-இல் அது திரும்பப் பெறப்பட்டது. அச்சட்டம் போயிற்று. ஆனால் வற்புறுத்தியோ, தகாத முறையில் ஆசை காட்டியோ எவரையும் விசுவாசத்துக்குக் கொண்டுவரலாகாது என்று 1965-இல் சங்கம் விதித்தது போகவில்லை. அரசு கேட்பதற்கு முன்னரே நம் தாய்த் திருச்சபை நம்மைக் கேட்கிறது.

வேறு சபையில் ஞானஸ்நானம் பெற்றுவிட்டு நம்மிடம் வரும் சகோதரர்களைப் பற்றியும் தெளிவு வேண்டும். தண்ணீரால், தமத்திரித்துவத்தின் பெயரால் முறையாக அளிக்கப்பட்ட ஞானஸ்நானம் உண்மையான ஞானஸ்நானமே. அதை மறுபடி அளிக்க இயலாது. அவர்கள் புகுமுக நிலையினர் அல்லர். தேவையான போதனைக்குப்பின், விசுவாச அறிக்கை செய்து முழு ஒன்றிப்புக்குள் வருகின்றனர். ‘மறுபடி ஊற்றினால்தான் கணக்கு’ என்று நம்மவர் சிலர் பேசுவது அவர்களையும் புண்படுத்துகிறது, ஆண்டவரின் செயலையும் இகழ்கிறது.

யாவற்றிலும் கசப்பான உண்மை சாதி. புனித தேவசகாயம் மனிதர் யாவரும் சமம் என்பதை வலியுறுத்தி வாழ்ந்தவர். அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில், கோயிலுக்குள்ளேயே சாதிகளைப் பிரிக்கும் சுவர் எழுந்தது. 1910-இல்தான் அது இடிக்கப்பட்டது. கல்சுவர் இடிந்தது. ஆனால் புதிதாய் வந்தவரிடம், ‘நீங்க எந்த ஊர், எந்தத் தெரு?’ என்று வளைத்து வளைத்துக் கேட்கும்போது நாம் எழுப்புவது என்ன? ஒரே தண்ணீரில் பிறந்தவர்களுக்குத் தனித் தெருவும், தனிக் கல்லறையும், தனித் தேரும் என்றால், நம் போதனை வகுப்பு எத்தனை மாதம் நடந்தும் பயனில்லை. புதியவர் பாடநூலைப் படிப்பதற்கு முன் நம்மைப் படித்துவிடுகிறார்.

வெள்ளுடைக்கு முன்னால்

இனிச் சிறுவர்கள். 1910-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள், திருத்தந்தை புனித பத்தாம் பத்திநாதர், ஏறக்குறைய ஏழு வயதளவில் பகுத்தறியும் நிலை அடைந்த பிள்ளைக்கு நற்கருணையை மறுக்கலாகாது என்று அறிவித்தார். சாதாரண அப்பத்துக்கும் நற்கருணை அப்பத்துக்கும் வேறுபாடு அறிந்து, தன் வயதுக்கேற்ற பக்தியோடு அணுகினால் போதும் என்றார். அவர் வாயிலைத் தாழ்த்தினார், சிறுவர் நுழையும்படி. நாமோ அவ்வாயிலில் வேறு சுமைகளை வைத்துவிட்டோம்.

வெள்ளைச் சட்டை, தலைமுடி, படம் பிடித்தல், வீடியோ, பந்தல், பிரியாணி, உறவினருக்கெல்லாம் அழைப்பிதழ்! வட்டிக்குக் கடன் வாங்கிப் புதுநன்மை விழா நடத்தும் குடும்பங்களும், அது இயலாமையால் ‘அடுத்த வருசம் பார்த்துக்கலாம் சாமி’ என்று பிள்ளையை நிறுத்திக்கொள்ளும் குடும்பங்களும் உண்டு. ஏழையின் பிள்ளை பந்தல் இல்லாமையால் ஆண்டவரிடம் வர இயலாது போனால், கணக்குக் கேட்கப்படுவது யாரிடம்? பங்கிலேயே ஒரேவிதமான எளிய உடை, கோயில் வளாகத்திலேயே எல்லாரும் சேர்ந்து அருந்தும் காலைச் சிற்றுண்டி, இவை போதும். பங்குப் பேரவை ஒருமனதாய் முடிவெடுத்தால் ஓர் ஆண்டிலேயே இது வழக்கமாகிவிடும்.

பிள்ளைகளை ஆயத்தம் செய்வதில் முதற்கடமை பெற்றோருடையது என்று திருச்சபைச் சட்டம் கூறுகிறது. குருவானவர் அதற்கு அடுத்த நிலையில் துணைநிற்பவர். ஆகவே புதுநன்மை வகுப்பில் பெயர் பதியும் நாளில் பெற்றோருக்கும் வகுப்பு உண்டு என்று ஒழுங்கு செய்வது நலம். மாதம் ஒருமுறை ஒருமணி நேரம் போதும். அன்று பிள்ளை கற்ற பாடத்தைத் தாய்தந்தையரும் கற்று, அவ்வாரம் வீட்டில் செய்ய வேண்டிய ஒரு செயலோடு திரும்ப வேண்டும்: இரவு உணவுக்குமுன் சேர்ந்து செபித்தல், அண்டை வீட்டுப் பாட்டியைப் பார்த்து வருதல், சண்டையிட்ட உறவினரோடு பேசுதல். முதல் பாவசங்கீர்த்தனத்துக்குப் பிள்ளை போகும் நாளில் தகப்பனாரும் வரிசையில் நின்றால், பத்துப் பாடங்கள் செய்யாததை அந்த ஒரு காட்சி செய்துவிடும்.

ஞானப்பெற்றோர் தேர்விலும் நாம் சிந்திக்க வேண்டும். பதினாறு வயது நிறைந்தவராய், உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்றவராய், விசுவாசத்துக்கேற்ப நடப்பவராய் இருக்க வேண்டும் என்பது சட்டம். ‘வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பா, மோதிரம் போடுவார்’ என்பது சட்டத்தில் இல்லை! மோதிரம் இரண்டாண்டில் விரலுக்குச் சிறியதாகிவிடும். ஞாயிறு காலையில் வந்து, ‘எழுந்திரு கண்ணு, பூசைக்கு நேரமாச்சு’ என்று கதவைத் தட்டும் அத்தையே மேலான ஞானத்தாய்.

கற்பிப்போருக்கு ஒரு சொல்

நம் மறைக்கல்வி ஆசிரியர்களில் பெரும்பாலோர் கல்லூரி மாணவியர், இல்லத்தரசியர், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். ஊதியம் இல்லை, பாராட்டும் அரிது. ‘ஒரே பாடத்தை எத்தனை வருசம் சொல்வது சாமி, எங்களுக்கே சலித்துவிட்டது’ என்று அவர்கள் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். இக்குறை இன்று தோன்றியதன்று. 1600 ஆண்டுகளுக்கு முன், தெயோகிராசியாஸ் என்னும் கார்த்தேஜ் நகரத்துத் தியாக்கோன் இதே சலிப்பை அகுஸ்தினாருக்கு எழுதினார். அகுஸ்தினார் அவருக்கென ஒரு நூலே எழுதி விடையளித்தார். மகிழ்ச்சியோடு கற்பியுங்கள், கேட்பவரின் முகத்தைப் பாருங்கள், நின்று களைத்தவருக்கு அமர இடம் கொடுங்கள் என்பவை அவர் கூறிய அறிவுரைகளுள் சில. பழகிய தெருவைப் புதிய நண்பருக்குச் சுற்றிக்காட்டும்போது நமக்கும் அது புதிதாகத் தோன்றுவதுபோல, புதியவரின் வியப்பில் நம் விசுவாசமும் புதிதாகும் என்றும் அவர் உணர்த்துகிறார்.

2021-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள், திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வியாளர் பணியைத் திருச்சபையின் நிலையான திருப்பணிகளுள் ஒன்றாக ஏற்படுத்தினார். குருவானவர் ஆண்டுக்கு ஓரிருமுறை மட்டுமே வந்துபோன காலத்தில் நம் கிளைக் கிராமங்களின் விசுவாசத்தைக் காத்தவர்கள் உபதேசியார்களே என்பதை நம் மக்கள் அறிவர். அவர்கள் வாரிசுகளை நாம் மதிக்கிறோமா? அவர்களுக்கு நூலும், பயிற்சியும், ஆண்டுக்கு ஒரு தியானமும் கொடுப்பது தேர்ச் செலவைவிட முக்கியம் அன்றோ?

நட்டபின்

நாற்று நட்ட உழவன் மறுநாளே வரப்பை விட்டுப் போய்விடுவதில்லை. நட்ட பயிர் முதலில் சற்று வாடும். வேர் பிடித்துப் பச்சை திரும்பும் வரை அவன் தண்ணீரைக் கட்டிக் காப்பான். சடங்குமுறை குறிக்கும் நான்காம் காலம் இதுவே. பாஸ்கா முதல் பெந்தெகோஸ்தே வரை, புதிதாய்ப் பிறந்தவர்கள் தாங்கள் பெற்ற மறைபொருள்களைச் சபையோடு சேர்ந்து சுவைத்தறியும் காலம். கத்தோலிக்கர் பலர் கூட்டமாய்ச் சேரும் மகிழ்ச்சி முடிந்து, பழைய உறவினர் முகம் திருப்பிக்கொண்ட வேதனை தொடங்கும் காலமும் அதுவே. அப்போது அவர் தனியே இருக்கலாகாது.

அதற்காகப் பங்குகளில் செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. புதியவர் ஒவ்வொருவருக்கும் மூன்று குடும்பங்கள் துணை. ஒரு குடும்பம் ஞாயிறு திருப்பலிக்கு உடன் அழைத்து வந்து அருகில் அமர வேண்டும். மற்றொன்று மாதம் ஒருமுறை வீட்டுக்கு அழைத்து உணவிட வேண்டும். வெளியே தனித்தட்டில் அன்று, தங்கள் பந்தியில். மூன்றாவது, நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும்போது அவரையும் அழைத்துச் செல்ல வேண்டும். கிறிஸ்மஸ் வந்தால் அவர் வீட்டில் குடில் கட்ட உதவுங்கள். அவர் தாயார் இன்னும் தம் பழைய சமயத்தில் இருந்தால், அவரையும் மரியாதையோடு வணங்கிப் பேசுங்கள். தாயைப் பழித்தவரின் மறையை எந்த மகன் நேசிப்பான்?

சிறுவர்களுக்கும் இவ்வாறே. புதுநன்மை முடிந்த அடுத்த ஞாயிறு, விழா முடிந்த நாளாக இல்லாமல், பணி தொடங்கும் நாளாக அமையட்டும். ஒருவன் பீடச் சிறுவனாகட்டும்; ஒருத்தி பாடகர் குழுவில் சேரட்டும்; ஒருவன் காணிக்கைத் தட்டு ஏந்தட்டும்; ஒருத்தி முதியோருக்கு நற்கருணை கொண்டு செல்லும் குருவானவரோடு மணி ஏந்திச் செல்லட்டும். உறுதிபூசுதல் பெற்ற இளைஞனுக்கு ‘நீ முடித்துவிட்டாய்’ என்று சொல்லாமல், ‘இனி உன் தம்பிக்கு நீ கற்பி’ என்று சொல்லுங்கள். சவேரியார் நம் கடற்கரைச் சிறுவர்களிடம் சொன்னதும் அதுதானே.

அன்பார்ந்த குடும்பங்களே, அடுத்த பாஸ்கா இரவுக்கு இன்னும் சில மாதங்கள் உண்டு. உங்கள் பங்கில் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தம் செய்பவர் எவரேனும் இருக்கிறாரா என்று உங்கள் குருவானவரிடம் கேளுங்கள். இருந்தால் அவர் பெயரைக் கேட்டறிந்து, இன்றிரவு முதல் உங்கள் குடும்பச் செபத்தில் அப்பெயரைச் சொல்லுங்கள். அவர் அவ்விரவு தொட்டியருகே வந்து நிற்கும்போது, ‘இவர் நம் வீட்டுப் பிள்ளை’ என்று உங்கள் பிள்ளைகள் சொல்ல வேண்டும். அப்பொழுது நம் வீடுகளில் பேச்சும் மாறும். ‘அவர் ஞானஸ்நானம் வாங்கினார்’ என்பதை விட்டு, ‘அவர் நம் வீட்டுக்கு வந்தார்’ என்போம்.